ஊரின் கணக்கு: திருப்பூரை முன்வைத்துச் சிறுநகர அபிவிருத்தி பற்றிச் சில எண்ணங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன உபகதைகள் சில இங்கே சுருக்கப்பட்டுள்ளன.)



ஒரு சிறு நகரத்தின் பொருளாதார வளர்ச்சியையும் அங்கு வாழும் ஜனங்களின் நல்வாழ்வையும் எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைப் பணித்தீர்கள். இத்தகைய சந்தர்ப்பங்களில் மேனாட்டு ஆசிரியர்களின் கொள்கைகளை வரிசையாக எடுத்துரைத்து, அவற்றுள் நம் தேசத்துக்குப் பொருந்துவன இவை, பொருந்தாதன இவை என்று பிரித்துக் காட்டிவிட்டு இறங்குவது எளிது. கேட்பவர்க்கும் அதிகச் சிரமமில்லை. எனினும், ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அது சிறிதாக இருந்த நாளில் என்ன செய்திருக்கலாம், எதைச் செய்யாமல் விட்டது, விட்டதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று நிதானமாகப் பார்ப்பதில்தான் எனக்குச் சிரத்தை அதிகம். நான் எடுத்துக்கொண்ட ஊர் திருப்பூர்.

திருப்பூர் இன்று சிறு நகரமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். 1961ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்த அந்த நகராட்சி, 2008இல் மாநகராட்சியாகி, 2009இல் ஒரு மாவட்டத்தின் தலைநகராகி, அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்ட நிலையில் 2011ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டே முக்கால் லட்சம் பேரைக் கொண்டிருந்தது. இன்று நம்மிடையே எண்பதாயிரமும் ஒரு லட்சமுமாக இருக்கும் ஊர்கள் தம் எதிர்காலத்தை முன்னதாகவே பார்த்துக்கொள்ளக் கிடைத்த ஊர் அது; இந்த ஆராய்ச்சிக்கு அதைத் தேர்ந்ததும் அதனாலேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலை உண்டாக்குவது திட்டமிடுவோரால் பெரும்பாலும் ஆகாத காரியம். அது மண்ணும் மனிதரும் சந்தையும் கூடிவரும் இடத்தில் தானாக முளைக்கும். ஆனால் அந்தத் தொழிலின் செலவுகளில் ஒரு பகுதி எந்த முதலாளியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆற்றுக்கு நேரும் கேடு, தொழிலாளியின் குடியிருப்பு, அவன் குழந்தையின் பள்ளி, தெருவின் அகலம் ஆகிய இவையெல்லாம் ஒருவர் கணக்கிலும் எழுதப்படாமல், பல ஆண்டுகள் கழித்து வட்டியும் முதலுமாக ஊரின் தலையில் வந்து விழுகின்றன. இப்படி எழுதப்படாத செலவை, ஊர் சிறிதாக இருக்கும்போதே ஊரின் கணக்கில் எழுதிவைப்பதுதான் சிறுநகரத் திட்டம் என்பதன் சாரம் என்று நான் நினைக்கிறேன். இதை ஐந்து கூறுகளாக விரித்துரைக்க உத்தேசம்.

1

முதலாவது கூறு, ஊரின் தொழில் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது.

திருப்பூருக்குப் பனியன் தொழில் வரவேண்டும் என்று எந்த அரசாங்கமும் தீர்மானிக்கவில்லை. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கரையை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை அவ்வூர் வழியாகப் போயிற்று; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோயமுத்தூர்ப் பிரதேசத்தின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நன்றாக வாய்த்தது; பருத்தி வந்ததால் சந்தையும், சந்தை இருந்ததால் பஞ்சு அரைக்கும் ஆலைகளும் வந்தன. 1925இல் அகில பாரத நூற்போர் சங்கம் தோன்றியபின் தமிழ்நாட்டுக் கதர் வேலையின் கேந்திரமாகவும் அதே ஊர் விளங்கியது. அந்தக் காலத்தையொட்டியே கல்கத்தாவிலிருந்து பின்னல் இயந்திரங்கள் வந்தன. கையால் சுற்றும் இயந்திரத்தில் வெள்ளைப் பனியன் பின்னுவது என்ற எளிய தொழிலாக ஆரம்பித்தது, 1970களில் கல்கத்தாவையே பின்னுக்குத் தள்ளி, அந்தத் தசாப்தத்தின் இறுதியில் இத்தாலிய வியாபாரிகளைத் தேடி வரச்செய்து, அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது, முதலாளிகளில் பெரும் பகுதியினர் பணம் படைத்த வியாபாரக் குடும்பங்களிலிருந்து வராமல், சுற்றுப்புறக் கிராமங்களின் சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து, அதிலும் பலர் பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நின்று வேலை பழகிய பிறகு வந்தார்கள் என்பதாகும். ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் இதை விரிவாக ஆராய்ந்து 2004இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் ஆளோடு ஆளாக நின்று உழைத்துப் பழகியவர், நாலைந்து பேரோடு பங்கு சேர்ந்து இரண்டு மெஷின் போட்டு, தாமும் தைத்துப் பிறரையும் தைக்கவைத்தார். இத்தகைய பழக்கத்தை எந்தத் தொழிற்பேட்டையிலும் சிமெண்டுக் கூரை போட்டு உண்டாக்க முடியாது.

அத்தொழில் நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். மில்லிலிருந்து நூல் மூட்டை ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது; அங்கே குழாய்போல் பின்னப்பட்ட துணி சாயப்பட்டறைக்குப் போகிறது; சாயமேறி உலர்ந்தது காம்பாக்டிங் பட்டறையில் அகலமும் கனமும் சீராக்கப்படுகிறது; பிறகு கட்டிங் மாஸ்டரின் மேஜை; அங்கிருந்து ஓவர்லாக், பேட்லாக் தையல்; தைப்பவரின் பக்கத்தில் துணியை எடுத்துக் கொடுத்து அடுக்குவதற்கு ‘கைமடி’ என்று ஓர் ஆள், பெரும்பாலும் இளம் பெண்; பிரிண்டிங், எம்பிராய்டரி வேண்டுமானால் அதற்கு வேறு இடம்; கடைசியில் செக்கிங், அயனிங், பேக்கிங். இவற்றில் ஒவ்வொன்றும் பெரும்பாலும் வேறு வேறு கூரையின்கீழ், வேறு வேறு சிறு முதலாளியின் பொறுப்பில் நடக்கின்றது. ஒரே சட்டை பிறந்து முடிவதற்குள் டி.வி.எஸ். 50 வண்டியின் பின்புறத்திலும் சிறு லாரியிலுமாக ஊருக்குள் பலமுறை பயணம் செய்துவிடுகிறது. ஆகவே திருப்பூரில் தெரு என்பதே தொழிற்சாலையின் நடைவழி. ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு, இது குடியிருப்பு, இது தொழிற்பகுதி என்று நிறம் தீட்டுகிறவருக்கு இந்த விஷயம் தெரியாது.

இங்கே பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேரறிஞரை நினைவுகூர வேண்டும். 1914இல் சென்னை மாகாணத்துக்கு அழைக்கப்பட்ட அவர், நகரங்களைப் பற்றித் தாம் திரட்டியிருந்த படங்களையும் வரைபடங்களையும் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் அனுப்பினார். வழியில் அந்தக் கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. (சென்னைக் கோட்டைக்கு அருகே குண்டு போட்டு நம் பாட்டிமாரின் பேச்சில் நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்.) அதனாலும் அவர் சோர்ந்துபோகாமல், புதிதாகத் திரட்டிய பொருள்களைக்கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். தஞ்சாவூர் முதலிய ஊர்களில் தெருத்தெருவாக நடந்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்தெரு போட எஞ்சினீயர்கள் வகுத்திருந்த திட்டத்துக்கு மாறாக, பாழடைந்த சில மனைகளை மட்டும் எடுத்து, சந்துகளை அங்கங்கே விரித்து, கிடைத்த இடத்தில் மரம் நட்டு, அத்திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்கைக்கொண்டே அதே பயனைப் பெறலாம் என்று காட்டினார். நோயாளியைப் பரிசோதிக்காமல் மருந்து எழுதுவதை ஒத்த திட்டங்கள் அவருக்கு ஆகா. திட்டத்துக்கு முன் சர்வே என்பது அவர் இந்நாட்டில் விதைத்துப் போன முறை. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது, முறை நிலைக்கவில்லை.

2

இரண்டாவது கூறு நீரைப் பற்றியது. இதற்குச் சற்று நேரம் வேண்டும்; என் வாதத்தின் எலும்பு இதில்தான் இருக்கிறது.

நொய்யல், வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தோன்றி, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் புரண்டோடும் ஆறு. அதன் இரு கரையிலும் குளங்கள் சங்கிலிபோல் அமைந்து, வந்த நீரைப் பிடித்துவைத்துக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்துவந்தன. வெள்ளைப் பனியனே தொழிலாக இருந்தவரையில் ஊருக்குப் பெரிய ஆபத்து வரவில்லை. வெளிநாட்டார் நிறம் கேட்டார்கள், சாயப்பட்டறைகள் பெருகின.

பருத்தித் துணியில் சாயம் நிலைத்துப் பிடிக்க, சாயத்தொட்டியில் மிகுந்த அளவில் உப்பைக் கரைக்கவேண்டும். அந்த உப்பு சாயத்தைத் துணியின்பால் செலுத்துகிறதேயன்றித் தான் துணியோடு போவதில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரில் வெளியேறுகிறது. ஆற்றில் நிறம் நிறமாக ஓடிய நீரைப் பார்த்துப் பதறியவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது சாயம். கேடு செய்ததோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டபோது அவை நிறத்தை நீக்கின. கரைந்த உப்பை நீக்கும் சாதனம் அவற்றில் இல்லை. தெளிந்த நீர் வெளியே போனதைப் பார்த்துப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. கீழே கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்த விவசாயிக்கு உண்மை தெரியும்.

கீழ்த்திசையில் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணை, சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அணை கட்டுங்கள், தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பதே தமிழ்நாட்டு விவசாயியின் வழக்கம். அணையைத் திறந்து அந்தத் தண்ணீரை எங்கள்மேல் விடாதீர்கள் என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது இந்த ஆற்றில்தான். இழப்பீட்டு ஆணையம் ஒன்று கணக்கிட்டு, 28,000க்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வழங்கவேண்டும் என்றது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. உப்பேறிய நிலத்துக்கும், ஒரு தலைமுறை விவசாயத்துக்கும், நின்றுபோன வெள்ளாமைக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை அது. 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையைக் கைக்கொள்ளவேண்டும் என்று உத்தரவிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பின்னும் நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணை பிறந்தது. துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயம் ஏறித் திரும்பவேண்டியதாயிற்று, தொழிலே ஸ்தம்பித்தது.

இந்தச் சரித்திரத்தின் மறுபக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே 1990களில், உள்ளே வரும் தண்ணீருக்குத் திருப்பூர் செய்த ஏற்பாடு நாட்டுக்கே வழிகாட்டியாகப் பேசப்பட்டது. உள்ளூர் நிலத்தடி நீர் கெட்டுப்போனதால், சாயப்பட்டறைக்காரர்கள் சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீரை டேங்கர் லாரியில் விலைக்கு வாங்கி வந்தார்கள். பயிருக்கு இறைத்த கிணற்றிலிருந்து லாரிக்கு இறைப்பதே லாபம் என்று கிராமத்தார் பலர் கண்டார்கள். இந்தச் செலவு தாங்காமல், 1990இல் உருவான ஏற்றுமதியாளர் சங்கமும், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமும், ஒரு நிதி நிறுவனமும் கூடி 1995இல் ‘புதிய திருப்பூர் பிரதேச வளர்ச்சிக் கழகம்’ என்ற கம்பெனியை அமைத்தன. பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் ஏற்பாடு. திட்டச் செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆலைகள் அதிக விலை கொடுக்க, வீடுகளுக்குக் குறைந்த விலையில் நீர் கிடைத்தது. தனியார் முதலீட்டில் இந்தியாவில் முதன்முதலாக நடந்த பெரிய நீர்த் திட்டம் இதுதான் என்பர். வீட்டுக் கழிவுநீருக்கும் அதில் சிறிது இடம் இருந்தது. ஆலைக் கழிவுநீர் அதன் பொறுப்பில் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் விடை எளிது. உள்ளே வரும் தண்ணீருக்கு வாங்குகிறவர் இருக்கிறார். லிட்டருக்கு இவ்வளவு என்று விலை எழுதலாம். கடன் கொடுப்பவர் அந்த வரவைப் பார்த்துக் கடன் கொடுப்பார். வெளியே போகும் தண்ணீருக்கு வாங்குகிறவர் எவருமில்லை. ஒரே ஊர், ஒரே தசாப்தம், ஒரே மனிதர்கள். வரவுள்ள பாதிக்கு ஆயிரம் கோடி திரண்டது, வரவில்லாத பாதி ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. முடிவில் என்ன ஆயிற்று? 2011இல் பட்டறைகள் மூடியதும் தண்ணீர் வாங்க ஆளில்லாமல் அந்தக் கம்பெனியும் சங்கடத்தில் சிக்கியது. உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் வாய்க்காலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதைப் பொருளாதார சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லவேண்டிய காலத்தில் சொல்லவில்லை. நீதிபதிகள் சொல்லவேண்டி வந்தது.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அரசின் வட்டியில்லாக் கடனோடும் தம் சொந்தப் பணத்தோடும் பட்டறைக்காரர்கள் சவ்வூடு வடிகட்டிகளையும் ஆவியாக்கிகளையும் நிறுவி, தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேற்பட்ட நீரை மீட்டு மறுபடியும் அதே சாயத்தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். உப்பிலும் ஒரு பகுதியை மீட்கிறார்கள். உலகில் இவ்வளவு பெரிய சாயத் தொழிற்கூட்டம் ஒன்று இதைச் செய்வது அபூர்வம். மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மூட்டைகளாகக் கட்டிக் கூரையின்கீழ் அடுக்கப்படுகிறது. அதை யார், எங்கே, எந்தக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது இன்றைக்கும் முடிவாகவில்லை. என் குறை வேறு. ஊர் சிறிதாக இருந்தபோது, சாயத் தொழில் ஆற்றங்கரையிலும் ஜம்மனை ஓடைப் பக்கத்திலும் வீடுகளுக்கு நடுவிலுமாகச் சிதறிப் பரவாமல் இரண்டு மூன்று இடங்களில் சேர்ந்து அமையும்படி நகராட்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பின்னால் குழாய் பதிக்கவும் நிலையம் கட்டவும் ஆன செலவில் எவ்வளவோ குறைந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குச் சல்லிக்காசும் செலவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு, சாயம் எப்படிப் போடுகிறார்கள் என்று நகராட்சியில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

3

மூன்றாவது, தொழிலாளியின் வாழ்க்கை.

நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2ஆம் தேதி ஆரம்பமாயிற்று. அது முழுக்கக் கிராமங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. நகரத்தில் அதுபோன்ற முயற்சி 1958இல் தில்லியிலும் 1967இல் ஹைதராபாத்திலும் என்று சில ஊர்களில் மட்டுமே சோதனையாக நடந்தது. கிராமத்தில் ஊராட்சி ஒன்றியம், விஸ்தரிப்பு அதிகாரி, மாதர் சங்கம் என்று ஏதோ ஓர் அமைப்பாவது தொழிலாளியின் குடும்பத்தைத் தொட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகும் ஒரு தொழில்நகரத்தில், புதிதாக வந்து இறங்குகிறவனை வரவேற்க லைன் வீட்டுக்காரரைத் தவிர யாருமில்லை.

லைன் வீடு என்பதை இவ்வவையில் பலர் பார்த்திருப்பீர்கள். நீளமான ஒரு கூரை, அதன்கீழ் வரிசையாகப் பத்தடிக்குப் பத்தடி அறைகள், வாசலோரம் அடுப்பு, கடைசியில் பொதுக் கழிப்பறை இரண்டு, தொட்டியில் தண்ணீர் வரும் நாளில் குடங்கள் அணிவகுக்கும். முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் என்று தென் மாவட்டத்தாரும், பிறகு ஒடிசா, பிகார் முதலிய தூரதேசத்தாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவதற்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பெயர். அது அவசர காலத்து ஏற்பாடாகத் தொடங்கி அன்றாட வழக்கமாகிவிட்டது. கணவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட் போனால் குழந்தை யாரிடம் இருக்கும் என்ற கேள்வி பீஸ் ரேட்டில் இல்லை, வீட்டு வாடகையில் இல்லை, வெளிநாட்டு வியாபாரியின் ஆர்டரில் இல்லை. மறுபடியும் பேரேட்டில் ஏறாத செலவுதான்.

இந்தத் தொழிலாளர் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்து, அதில் வெற்றியும் பெற்றவர்கள். ஆனால் அதன்பின் வேலை சிறு பட்டறைகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் சிதறிப்போனபடியால், சங்கம் கூலியைப் பேசுவதே பெரும்பாடாயிற்று. வீட்டையும் பள்ளியையும் பேச அதற்குச் சக்தி இல்லை. தூர தேசத்திலிருந்து வந்தவருக்கு ஓட்டு அவர் சொந்த ஊரில் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் அவரிடம் ஓட்டுக் கேட்கப் போகவேண்டியதில்லை. போகவேண்டாத இடத்தில் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்கவும் வேண்டியதில்லை. ஊரின் சம்பாத்தியத்தில் பெரும் பங்கை உண்டாக்கும் கைகளுக்கு ஊரின் சபையில் குரல் இல்லாதபோது, சமுதாய வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் நேரத்தில் நடக்கும் குழந்தைகள் காப்பகம், ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தமிழ் சொல்லித்தரும் பள்ளி, ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகைக் குடியிருப்பு என்ற மூன்றையும் தொழில்வரியிலிருந்தும் சொத்துவரியிலிருந்தும் ஒரு பங்கு ஒதுக்கிச் செய்வதுதான் அச்சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள். முதலாளிகள் கட்டும் விடுதியை இதற்கு ஈடாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. வேலை கொடுப்பவரே வீட்டுச் சாவியையும் வைத்திருப்பது தொழிலாளிக்கு, அதிலும் இளம் பெண்ணுக்கு, நல்லதன்று.

4

திட்டமிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற நான்காவது கூற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம்.

1992இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய பதினெட்டு விஷயங்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. அவற்றில் மூன்றாவது, பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல். சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரிக்கு நகராட்சி அலுவலகத்தில் ஒரு மேஜையோ நாற்காலியோ இல்லை. எஞ்சினீயர் உண்டு, சுகாதார அதிகாரி உண்டு, வரி வசூலிப்பவர் உண்டு, ஊரின் தொழில் எப்படி நடக்கிறது என்று அறிந்து சொல்ல ஓர் உத்தியோகஸ்தர் கிடையாது. 1971ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்கீழ் வரும் முழுமைத் திட்டம் நிலத்துக்கு நிறம் தீட்டுவதோடு திருப்தியடைகிறது. சிறு, நடுத்தர நகரங்களுக்கென்றே மத்திய அரசு 1979இல் தொடங்கிய திட்டமும், வரவு வரக்கூடிய வேலை என்ற காரணத்தால், பல ஊர்களில் பஸ் நிலையமும் வணிக வளாகமும் கட்டுவதாகவே முடிந்தது. கடைகளைக் கட்டினால் வியாபாரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் நிர்வாகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு, பூட்டிக்கிடக்கும் நகராட்சிக் கடைகளே சாட்சி.

எல்லைக்கோட்டின் சங்கதியும் உண்டு. தொழில் நகராட்சி எல்லையில் நிற்பதில்லை; நிலமும் வரியும் மலிவான பக்கத்துப் பஞ்சாயத்துக்கு அது பெயர்ந்துபோகிறது. வேலம்பாளையமும் நல்லூரும் திருப்பூரோடு இணைக்கப்படும் காலத்துக்குள் அங்கே தெருக்கள் எல்லாம் உருவாகிவிட்டன. சேர்த்துக்கொண்ட மாநகராட்சிக்குக் கிடைத்தது, ஏற்கெனவே நெருங்கிப்போன சந்துகள்.

5

ஐந்தாவதாக, இன்றைய சிறு நகரங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? 2021இல் சிவகாசியும், 2024இல் நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை, திருவண்ணாமலை ஆகிய ஊர்களும் மாநகராட்சிகளாக உயர்த்தப்பட்டன. பெயர்ப்பலகை மாறியது பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. உயர்ந்த அந்தஸ்து வந்ததும் ஓர் ஆலோசனைக் கம்பெனியை அழைத்து, முப்பது ஆண்டுக்கு ஒரு தொலைநோக்கு அறிக்கையை வழவழப்பான தாளில் அச்சிடுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. நாமக்கல்லின் கோழிப்பண்ணை எருவும், லாரி கூடு கட்டும் பட்டறைகளும், சிவகாசியின் பட்டாசு மருந்தும், அச்சு மையும் ஒன்றுபோல இருப்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஏறாத செலவு வேறு வேறு. அதைக் கண்டுபிடிக்க அந்த ஊரில் நடந்து பார்க்கவேண்டும்.

நான் சொல்லும் முறை சாதாரணமானது. ஒவ்வொரு சிறு நகராட்சியும் தன் பிரதான தொழிலை எடுத்துக்கொண்டு, அதன் சரக்கு எந்தப் பட்டறையிலிருந்து எந்தப் பட்டறைக்குப் போகிறது, அங்கங்கே எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து எந்தத் தன்மையில் வெளியே போகிறது, வேலை செய்பவர் எங்கே தூங்குகிறார், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று வரிசையாக எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு கூட இந்தக் கணக்கையும் மன்றத்தின்முன் வைக்கட்டும். ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு இன்னொரு வரியும் தேவை: அந்தத் தொழில் திடீரென்று முடங்கினால் எத்தனை குடும்பங்கள், எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கும் என்பது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது 50 சதவிகித வரி விதித்தபோது, திருப்பூரில் இந்தக் கேள்வி முதலாளிகளின் வீட்டிலும் லைன் வீட்டிலும் ஒரே நாளில் எழுந்தது. விடை சொல்லும் கணக்கு மாநகராட்சியின் கையில் இல்லை.

இதற்கு ஆள் எங்கே என்று நகராட்சி ஆணையர்கள் கேட்பார்கள். இந்த அவையிலேயே இருக்கிறார்கள் என்பது என் பதில். பல மாவட்டங்களில் பொருளாதாரத்துறையும் புவியியல்துறையும் ரசாயனத்துறையும் கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்த ஏடுகள் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. ஒரு துறை ஒரு வார்டின் கிணறுகளை எடுத்துக்கொண்டு, கோடையிலும் மழைக்குப் பின்னும் நீரின் ஆழத்தையும் உப்பையும் அளந்து எழுதினால், ஐந்தாறு ஆண்டுகளில் ஊரின் நிலத்தடி நீரைப் பற்றி எந்த ஆலோசனைக் கம்பெனியாலும் விலைக்குக் கொடுக்க முடியாத அறிவு ஊராரிடம் சேர்ந்துவிடும். திருப்பூரில் 1980களின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், உப்பு ஏறத் தொடங்கியதை ஊர் தன் கண்ணாலேயே கண்டிருக்கும். இவ்வறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியை, அடுத்த ஆண்டு முதல் இத்தகைய கிணற்று அளவைக்கு ஒதுக்கலாமா என்று இதை நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். கயிறும், அளவு நாடாவும், நீரின் உப்பை அளக்கும் கையடக்கக் கருவியும், மாணவர்களுக்குப் பஸ் கட்டணமும் தவிர அதற்கு வேறு செலவு இல்லை.